எந்தத் தகவல் எந்தக் கணினியில்? வழி கேட்டு நடக்கும் செயலிகள்

 

கணினித் துறையில் பணிபுரியும் பிள்ளை ஒருவராவது இல்லாத தெரு இன்று நம் மஹல்லாக்களில் அரிது. விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் பிள்ளை நள்ளிரவில் தொலைபேசி ஒலித்ததும் எழுந்து மடிக்கணினியைத் திறக்கிறார். என்னவென்று கேட்டால், "ஒரு நோடு விழுந்துடுச்சு அத்தா. கிளையண்ட் எல்லாம் இன்னும் பழைய நோடுக்கே போய்க்கிட்டிருக்கு" என்கிறார். அத்தாவுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. பிள்ளைக்கும் விளக்கிச் சொல்ல நேரமில்லை.

அந்த ஒரு வாக்கியத்தின் பொருளைத்தான் இக்கட்டுரையில் பார்க்கவிருக்கிறோம். இது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அவசரத்துக்கு ஒரு செயலியைத் திறக்கும்போது வட்டம் சுற்றிக்கொண்டே நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று இது. நம் ஜமாஅத்துகளும் இரத்தக் கொடையாளர் பட்டியல், ஜகாத் கணக்கு, நிகாஹ் பதிவு ஆகியவற்றைச் செயலிகளில் ஏற்றத் தொடங்கியிருக்கும் காலம் இது. அடிப்படையைத் தெரிந்துகொள்வது அனைவருக்கும் பயன் தரும், இன்ஷா அல்லாஹ்.

ஒரே கணினியில் ஏன் வைப்பதில்லை?

ஒரு செயலியில் நாம் பார்க்கும் பெயர், படம், கணக்கு எல்லாம் எங்கோ ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. பயன்படுத்துவோர் சில ஆயிரம் பேர் என்றால் அதற்கு ஒரு கணினி போதும். கோடிக்கணக்கானோர் என்றால் இரண்டு சிக்கல்கள் எழும். ஒன்று, அவ்வளவு தகவலும் அவ்வளவு கோரிக்கையும் ஒரே கணினிக்கு அடங்காது. இரண்டு, அந்த ஒரு கணினி பழுதானால் எல்லாமே நின்றுவிடும்.

ஆகவே தகவலைப் பங்கு பிரித்துப் பல கணினிகளில் வைக்கிறார்கள். ஒவ்வொரு பங்குக்கும் வேறு கணினியில் நகலும் வைக்கிறார்கள். இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டத்துக்கு கிளஸ்டர் என்றும், அதிலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் நோடு என்றும் பெயர். தகவலைக் கேட்டு வரும் மென்பொருளுக்குப் பெயர் கிளையண்ட்.

இங்கே ஒரு புதிய கேள்வி பிறக்கிறது. தகவல் பத்து நோடுகளில் பிரிந்து கிடக்கிறது. தனக்கு வேண்டியது எந்த நோடில் இருக்கிறது என்று கிளையண்ட் எப்படி அறியும்?

நிகாஹ் தஃப்தரை வைத்துப் புரிந்துகொள்வோம்

எட்டுப் பள்ளிவாசல்கள் உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மஹல்லாவின் நிகாஹ் தஃப்தரும் அந்தந்தப் பள்ளிவாசலில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகாஹ்வுக்குச் சான்று வேண்டும், விசாவுக்கு நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்று வெளியூரிலிருந்து ஒருவர் வருகிறார். அவர் என்ன செய்யலாம்?

முதல் வழி, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது. அவர் விசாரித்து வாங்கித் தருவார். வந்தவருக்கு எளிது. ஆனால் ஊருக்கு வரும் அத்தனை பேரும் அவரிடமே போனால் அவர் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். அவருக்கு உடல்நலமில்லை என்றால் யாருக்கும் வேலை நடக்காது.

இரண்டாம் வழி, ஏதாவது ஒரு பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்பது. அங்கே இல்லையென்றால் இமாம் சரியான பள்ளிவாசலைச் சொல்லி அனுப்புவார். வேலை முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வீண் நடை.

மூன்றாம் வழி, எந்த மஹல்லாவின் தஃப்தர் எந்தப் பள்ளிவாசலில் உள்ளது என்ற முழுப் பட்டியலையும் ஒரு பள்ளிவாசலில் கேட்டு எழுதிக்கொள்வது. அடுத்த முறை நேராகச் சரியான இடத்துக்கே போகலாம்.

தரவுத்தளங்களிலும் இம்மூன்று வழிகளும் உள்ளன. மூன்றாவது வழியில் கிளையண்ட் தானே கிளஸ்டரின் அமைப்பைக் கேட்டறிந்து நினைவில் வைத்துக்கொள்கிறது.

இதில் எவ்வளவு நன்மை? அமேசான் நிறுவனப் பொறியாளர்கள் டைனமோ என்ற தங்கள் தரவுத்தளத்தைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இடையில் ஒருவர் வழியாகச் சென்றபோது, படிக்கும் கோரிக்கைகள் ஆயிரத்தில் 999 முடிவதற்கு 68.9 மில்லிவினாடி வரை ஆனது. கிளையண்டே அமைப்பை அறிந்து நேராகச் சென்றபோது அது 30.4 மில்லிவினாடியாகக் குறைந்தது. ஒரே பக்கத்தைக் காட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சேவைகளை அழைக்கும் ஒரு வணிகத்தளத்துக்கு இது பெரிய வேறுபாடு.

ரெடிஸ் செய்யும் முறை

உலகெங்கும் பயன்படும் ரெடிஸ் என்ற தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலியைச் சேர்ந்த சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009இல் உருவாக்கியது அது. கிளஸ்டராக இயங்கும் வசதி 2015இல் வெளியான 3.0 பதிப்பில் வந்தது.

ரெடிஸ் கிளஸ்டரில் மொத்தம் 16384 ஸ்லாட்டுகள் உள்ளன. இவற்றை மஹல்லாக்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஒரு கணக்குக்கு உட்படுத்தினால் 0 முதல் 16383 வரை ஓர் எண் கிடைக்கும். அதுவே அத்தகவலின் ஸ்லாட். இந்தக் கணக்கு ஒருபோதும் மாறாது. கிளையண்டும் போடலாம், நோடும் போடலாம், ஒரே விடைதான் வரும்.

மாறக்கூடியது எந்த ஸ்லாட் எந்த நோடில் உள்ளது என்பதுதான். மூன்று முதன்மை நோடுகள் இருந்தால் வழக்கமாக 0 முதல் 5460 வரை முதல் நோடிலும், 5461 முதல் 10922 வரை இரண்டாவதிலும், மீதி மூன்றாவதிலும் இருக்கும். நான்காவது நோடைச் சேர்த்தால் சில ஸ்லாட்டுகள் அதற்கு இடம் பெயரும். ஒரு நோடு விழுந்தால் அதன் நகலை வைத்திருக்கும் நோடு அந்த இடத்துக்கு வரும்.

எனவே கிளையண்ட் முதலில் ஒரு நோடிடம் சென்று ஸ்லாட் பட்டியலைக் கேட்கிறது. இதற்கு "கிளஸ்டர் ஸ்லாட்ஸ்" என்ற கட்டளை உள்ளது. 2022இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து "கிளஸ்டர் ஷார்ட்ஸ்" என்ற புதிய கட்டளையும் உள்ளது. எந்த நோடிடம் கேட்டாலும் முழுப் பட்டியலும் கிடைக்கும். ஏனெனில் நோடுகள் தங்களுக்குள் தனி இணைப்பு வைத்து இடைவிடாமல் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் இதற்கு காஸிப் என்று பெயர். பெயர் அப்படியிருந்தாலும் இது புறம் பேசுவதன்று. யார் நலமாக இருக்கிறார், யாரிடம் எந்த ஸ்லாட் உள்ளது என்ற நலவிசாரிப்புதான்.

இதில் கவனிக்கத்தக்க ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு நோடு பதில் தரவில்லை என்று இன்னொரு நோடு கண்டால் உடனே அது விழுந்துவிட்டதாக அறிவிப்பதில்லை. முதலில் சந்தேகம் என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. முதன்மை நோடுகளில் பெரும்பான்மை அதையே உறுதிசெய்த பிறகுதான் விழுந்தது என்று முடிவாகிறது. பொதுவாக 15 வினாடி பதில் இல்லாத பிறகே இந்தச் சந்தேகம் தொடங்குகிறது. ஒருவர் சொன்னதை வைத்து ஊரே முடிவெடுக்காமல் தீர விசாரிக்கும் இந்த முறை நமக்கு அந்நியமானதன்று.

"இடம் மாறிவிட்டது" ஒன்று, "இந்த ஒருமுறை அங்கே" மற்றொன்று

கிளையண்ட் கையில் வைத்திருக்கும் பட்டியல் பழையதாகிவிட்டால் என்ன ஆகும்? அது தவறான நோடிடம் போய்க் கேட்கும். அந்த நோடு பொய் விடை சொல்வதில்லை. "மூவ்டு" என்ற பதிலைத் தருகிறது. அந்தப் பதிலிலேயே ஸ்லாட் எண்ணும், இப்போது அது இருக்கும் நோடின் முகவரியும் இருக்கும். கிளையண்ட் அங்கே போவதோடு தன் பட்டியலையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

"ஆஸ்க்" என்று மற்றொரு பதிலும் உண்டு. இதன் நுட்பம் அழகானது. ஒரு மஹல்லா புதிய பள்ளிவாசலுக்குப் பிரிந்து போகிறது. தஃப்தர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார்கள். பாதி இங்கே, பாதி அங்கே. இப்போது ஒருவர் பழைய பள்ளிவாசலில் வந்து கேட்டால், இங்கே இருந்தால் இமாம் எடுத்துக் கொடுத்துவிடுவார். இல்லையென்றால், "இந்தத் தஃப்தர் அங்கே போய்விட்டது. இதற்கு மட்டும் அங்கே கேளுங்கள். மற்றவற்றுக்கு இங்கேயே வாருங்கள்" என்பார்.

ரெடிஸ் இதைத்தான் செய்கிறது. "ஆஸ்க்" பதில் வந்தால் கிளையண்ட் அந்த ஒரு கோரிக்கைக்கு மட்டும் புதிய நோடுக்குப் போகும். தன் பட்டியலை மாற்றாது. புதிய நோடிடம் போனதும் "ஆஸ்கிங்" என்று முதலில் சொல்ல வேண்டும். பழைய பள்ளிவாசல் கொடுத்த சீட்டைக் காட்டுவதைப் போன்றது அது. சீட்டு இல்லாமல் போனால், இடமாற்றம் இன்னும் முடியாததால், புதிய நோடு "பழைய இடத்துக்கே போ" என்று திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டு பதில்களையும் ஒன்றாகக் கருதி எழுதப்பட்ட கிளையண்ட், இடமாற்றம் நடக்கும்போது இங்கும் அங்குமாக அலையும்.

எப்போது கேட்பது?

ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன்னால் பட்டியலைக் கேட்டால் வேலை இரட்டிப்பாகும். ஒரே ஒருமுறை கேட்டு அதையே பிடித்துக்கொண்டிருந்தால் தவறு நேரும். நடுவழி என்ன?

டைனமோவில் கிளையண்ட் 10 வினாடிக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு நோடைத் தேர்ந்து உறுப்பினர் பட்டியலை வாங்கிக்கொள்ளும். இதனால் மிஞ்சிப்போனால் 10 வினாடி பழைய பட்டியலோடு இருக்க நேரலாம். ஒரு நோடை அணுக முடியவில்லை என்று கண்டால் 10 வினாடி வரை காத்திராமல் உடனே புதிய பட்டியலைக் கேட்கும்.

ஃபேஸ்புக்கில் உருவாகி 2008இல் பொதுவுக்கு வந்த கஸாண்ட்ரா வேறு வழியைப் பின்பற்றுகிறது. அதன் கிளையண்ட் ஒரு நோடோடு தனி இணைப்பு வைத்து, அந்த நோடு தன்னைப் பற்றியும் மற்ற நோடுகளைப் பற்றியும் குறித்து வைத்திருக்கும் அட்டவணைகளைப் படிக்கிறது. பிறகு "ஏதாவது மாறினால் எனக்குச் சொல்லுங்கள்" என்று பதிவு செய்துகொள்கிறது. புதிய நோடு சேர்ந்தாலும், பழையது விலகினாலும், ஒன்று விழுந்து எழுந்தாலும் செய்தி வந்து சேரும்.

குபாவில் திரும்பிய முகங்கள்

இதைப் படிக்கும்போது கிப்லா மாற்றம் நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபின் 16 அல்லது 17 மாதங்கள் பைத்துல் முகத்தஸை முன்னோக்கித் தொழுதார்கள். பிறகு கஅபாவை முன்னோக்கும்படி கட்டளை வந்தது. செய்தி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரவில்லை. குபாவில் மக்கள் சுப்ஹுத் தொழுகையில் இருந்தபோது ஒருவர் வந்து செய்தி சொன்னார். அவர்கள் ஷாம் திசையை நோக்கியிருந்தார்கள். தொழுகையிலேயே கஅபாவின் பக்கம் திரும்பினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது.

மார்க்கச் சட்டத்தையும் கணினியையும் ஒன்றாக்குவது நம் நோக்கமன்று. ஆனால் செய்தி தாமதமாகச் சேரும் இடங்களில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு இதில் படிப்பினை உண்டு. செய்தி வரும்வரை பழைய திசையில் இருந்தது அவர்கள் குற்றமன்று. செய்தி வந்ததும் தயங்காமல் திரும்பியது அவர்கள் சிறப்பு. கிளையண்டின் பட்டியல் சில வினாடிகள் பழையதாக இருப்பது தவிர்க்க முடியாதது. "மூவ்டு" என்று சொன்ன பிறகும் பழைய நோடையே தட்டிக்கொண்டிருப்பதுதான் பிழை. நள்ளிரவில் நம் பிள்ளையை எழுப்பியது அந்தப் பிழைதான்.

நடைமுறையில் இடறும் இடங்கள்

முதலாவது, ஒரே ஒரு முகவரியை நம்பியிருப்பது. பட்டியலைக் கேட்பதற்கே முதலில் ஒரு நோடு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? சிலர் ஒன்றை மட்டும் எழுதி வைத்துவிடுகிறார்கள். கிளையண்டை மீண்டும் தொடங்கும் நேரத்தில் அந்த நோடு விழுந்து கிடந்தால், மற்ற ஒன்பது நோடுகள் நலமாக இருந்தும் வாசல் திறக்காது. இரண்டு மூன்று முகவரிகளாவது கொடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, கேட்பவருக்குப் பயன்படாத முகவரி. வெளியூர்க்காரர் வழி கேட்டால், "காசிம் பாய் வீட்டுக்குப் பின்னால்" என்கிறோம். உள்ளூர்க்காரருக்கு அது சரியான விடை. வந்தவருக்கு அதனால் பயனில்லை. நோடுகளும் சில நேரம் தங்கள் உள்வலையில் மட்டும் செல்லுபடியாகும் முகவரியைப் பட்டியலில் சொல்லிவிடுகின்றன. வெளியே இருக்கும் கிளையண்ட் பட்டியலைச் சரியாகப் பெற்றும் எங்கும் போக முடியாமல் நிற்கும். வெளியாருக்கு எந்த முகவரியைச் சொல்வது என்று நோடுக்கு முன்கூட்டியே அமைத்து வைக்க ரெடிஸில் வசதி உள்ளது.

மூன்றாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பது. பிறை பார்க்கும் இரவில் ஹஜ்ரத்தின் தொலைபேசி படும் பாடு நமக்குத் தெரியும். ஊரே ஒரே நிமிடத்தில் அழைத்தால் யாருக்கும் விடை கிடைக்காது. ஒரு நோடு விழுந்ததும் ஆயிரம் கிளையண்டுகள் ஒரே கணத்தில் புதிய பட்டியல் கேட்டால், நலமாக இருக்கும் நோடுகளும் திணறும். எனவே ஒவ்வொரு கிளையண்டும் சிறிது நேரம், அதுவும் ஒன்றுபோல் இல்லாமல் வெவ்வேறு அளவு, பொறுத்துக் கேட்கும்படி எழுத வேண்டும்.

நான்காவது, பணம் சம்பந்தப்பட்டது. ரெடிஸில் முதன்மை நோடு ஒரு தகவலை வாங்கி "சரி" என்று பதில் சொன்ன பிறகே, அது நகல் நோடுக்குப் போய்ச் சேரலாம். இடைப்பட்ட அந்த நொடியில் முதன்மை நோடு விழுந்தால், "சரி" என்று சொல்லப்பட்ட தகவலும் இழக்கப்படக்கூடும். கிளையண்ட் புதிய நோடைச் சரியாகக் கண்டுபிடித்தாலும் அங்கே அந்தத் தகவல் இருக்காது. இரத்தக் கொடையாளர் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் மீண்டும் எழுதிக்கொள்ளலாம். ஒருவர் ஒப்படைத்த ஜகாத் தொகையின் கணக்கு விடுபடலாமா? அத்தகைய கணக்கை அதற்கென்றே உரிய தரவுத்தளத்தில்தான் வைக்க வேண்டும்.

யாருக்குச் சொல்லலாம்?

அறியாததை அறிந்தவர்களிடம் கேளுங்கள் என்ற கருத்தைக் குர்ஆன் இரண்டு அத்தியாயங்களில் வலியுறுத்துகிறது. கேட்பவருக்குச் சொல்வது அறிந்தவரின் கடமை. ஆனால் பொறுப்பில் உள்ளவர் இரகசியத்தை உரியவரல்லாதவரிடம் சொல்வது அமானிதத்துக்கு மாறானது. இரண்டுக்கும் இடையே எல்லை தேவை.

கிளஸ்டரின் அமைப்பு என்பது வீட்டின் எல்லா வாசல்களும் எங்கே உள்ளன என்ற வரைபடம் போன்றது. உரிய கிளையண்டுக்கு அது தெரிய வேண்டும். தெருவில் போகும் எவருக்கும் தெரியக் கூடாது. கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடக்கும் தரவுத்தளத்தை யாரும் கேட்கலாம், யாரும் அழிக்கலாம். 2017 ஜனவரியில் அப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களை விஷமிகள் அழித்துவிட்டுப் பணம் கேட்டு மிரட்டினார்கள். அடைக்காத கதவு வழியாகத்தான் அவர்கள் நுழைந்தார்கள். அடையாளம் சரிபார்த்த பிறகே பட்டியலைத் தருவது, இணைப்பை மறைகுறியாக்கி வைப்பது, வெளிவலையிலிருந்து நோடுகளை நேரடியாக அணுக முடியாமல் தடுப்பது ஆகிய மூன்றும் அவசியம்.

நம் ஜமாஅத்துகளுக்கு

செயலி உருவாக்க முன்வரும் நம் இளைஞர்களை மனமாரப் பாராட்டுகிறோம். அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். ஐந்நூறு குடும்பங்கள் உள்ள மஹல்லாவுக்குக் கிளஸ்டர் தேவையில்லை. ஒரு நல்ல கணினியும், நாள்தோறும் வேறிடத்தில் எடுத்து வைக்கும் நகலும், அந்த நகலிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் போதும். தேவைக்கு மீறிச் செய்வது கட்டடத்தில் மட்டுமல்ல, கணினியிலும் வீண்விரயம்தான்.

தேவை வளர்ந்து பல நோடுகளுக்குப் போகும் நாள் வந்தால் அப்போது மேலே கண்டவை உதவும். முத்தவல்லியும் நிர்வாகிகளும் அந்த இளைஞர்களிடம் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். ஒரு நோடு விழுந்தால் செயலி எத்தனை வினாடியில் மாற்றிடத்தை அறியும்? முதல் முகவரியே விழுந்தால் அடுத்தது எது? "சரி" என்று காட்டிய பிறகு எது இழக்கப்படலாம்? நம் வீட்டு வரைபடம் யார் யார் கையில் இருக்கிறது? இவற்றுக்கு விடை தெரிந்தவர் கையில் மக்களின் தகவல் பத்திரமாக இருக்கும்.

பெற்றோர்களே! அடுத்த முறை பிள்ளை நள்ளிரவில் எழுந்தால், "பழைய பட்டியலை இன்னும் மாத்தலையா?" என்று கேட்டுப் பாருங்கள். யாரோ முகம் தெரியாத மனிதரின் அவசரத் தேவை தடைபடாமல் இருக்கத்தான் அவர் விழித்திருக்கிறார். நல்ல நிய்யத்தோடு செய்தால் அதற்கும் கூலி உண்டு.

ஹலாலான உழைப்பில் நம் பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் நல்லோராக நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.